கடைமாடத்துக்கு ஒரு இணைப்பு

வான்மதியின் கழுத்தில் மாப்பிள்ளை தாலியை வைத்து முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது குழாய் தட்டியது. டங், டங், டங்.

மாப்பிள்ளை முடிச்சை அப்படியே விட்டான். புரோகிதர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, இடுப்பில் தொங்கிய மூச்சுமூடியை எடுத்து முகத்தில் மாட்டினார். மணப்பெண் நெற்றிச்சுட்டி நசுங்க மூடியை இழுத்துப் போட்டாள். முதல் பந்தியில் இருந்தவர்கள் சாம்பார் கையோடு எழுந்தார்கள். சுவரோரம் நின்ற ஒருவர், அங்கே ஓடிய குழாயைத் தன் பங்குக்கு மூன்று முறை தட்டிவிட்டு நடந்தார். ஓட்டம் இல்லை, கூச்சல் இல்லை. கல்யாணக் கூட்டம் மொத்தமும் வரிசையாகப் போய்க் காப்பறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டது.

செம்பாறைக் குடியிருப்பில் இது வழக்கமான சங்கதி. செவ்வாய்க் கோளில், மண்ணுக்கடியில் புதைத்துக் கட்டிய மாடங்கள்தான் அந்தக் குடியிருப்பு. கூரையில் விரிசல் கண்டால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விடும். காற்று குறைவது மூக்குக்குத் தெரியாது. லேசாகத் தூக்கம் வரும், வந்த தூக்கம் கலையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு காற்றுமானி இருந்தது. எல்லா வீட்டையும் தொட்டுக்கொண்டு முதல் மாடத்திலிருந்து கடைமாடம் வரை ஒரு பழைய எஃகுக் குழாயும் ஓடியது. ஒருகாலத்தில் பனிச்சுரங்கத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரப் போட்டது. சுரங்கம் வேறு இடத்துக்குப் போனதும் வெறும் குழாயாக நின்றது. மானியின் முள் இறங்குவதைப் பார்த்தவர் அந்தக் குழாயை மூன்று முறை தட்டுவார். கேட்டவர் தானும் மூன்று முறை தட்டிவிட்டு, மூடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போவார். யார் தட்டினார்கள் என்று விசாரித்துவிட்டு எழுகிற வழக்கம் அங்கே கிடையாது. விசாரணையெல்லாம் காப்பறைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான்.

அன்றைக்கு விசாரித்ததில், சமையல்காரர் கரண்டியில் ஒட்டியிருந்த பொங்கலை உதறுவதற்குக் குழாயில் தட்டிவிட்டார் என்று தெரிந்தது. திரும்பி வந்து மீதி முடிச்சைப் போட்டார்கள். பொங்கல் ஆறிப்போயிருந்தது.

"தாலி ஏர்றப்பக்கூட இந்தக் கொழாய் விட மாட்டேங்குதே அண்ணே," என்றாள் வான்மதி, அண்ணன் பரிதியிடம். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இரு. ஒருநாள் இதுக்கு ஒரு வழி பண்றேன்," என்றான் பரிதி.

சொன்னபடியே செய்தான். செய்யாமல் இருந்திருக்கலாம்.

வான்மதியைக் கட்டிக்கொடுத்தது கடைமாடத்தில். பெயருக்கேற்ப அது குடியிருப்பின் வால். மாப்பிள்ளை முகிலன் பனிச்சுரங்கத்தில் வேலை. போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். அவளைப் பெற்றவர்கள் பூமியிலேயே தங்கிவிட்டார்கள். அண்ணன் இருந்தது நடுமாடத்தில். இடையில் நீளமான சுரங்கப்பாதை, அதில் வாரம் ஒருமுறை ஓடும் வண்டி. கம்பியில்லாத் தொடர்பெல்லாம் அந்த இரும்பு மண்ணுக்குள் எடுபடாது. மாடத்துக்கு ஒரு தொலைபேசி என்று அலுவலகத்தில் வைத்திருந்தார்கள், அதில் பேச வரிசையில் நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர் கேட்கிறார் என்று வான்மதி எப்போதும் "நல்லாருக்கேன் அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் நன்றாக இல்லை என்பது பரிதிக்குத் தெரியும். பேச்சுத்துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒருத்தி இருப்பாள்?

செவ்வொளி நிறுவனம் குடியிருப்புக்கு ஒளியிழை போட வந்தது அந்தச் சமயத்தில்தான். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஒளி ஓடும். அந்த ஒளியில் இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் சேர்ந்தே வீட்டுக்கு வரும். தொகுப்புக்கு மூவிழை என்று பெயர். மூன்றில் ஒன்று மட்டும் போதும் என்று கேட்டால் கிடைக்காது. பரிதி அந்த நிறுவனத்தில் இழைப் பொறியாளன். மாடத்துக்கு மாடம் பள்ளம் தோண்டி இழையைப் பதித்துக்கொண்டே போனார்கள். கடைமாடத்துக்கு முந்தைய மாடத்தோடு வேலை நின்றது.

"அங்க வீடு கம்மி தம்பி. தோண்டுற செலவுக்குக் கட்டாது," என்றார் மேலாளர் இன்பநாதன். அவர் கெட்டவர் இல்லை. ஊழியர் வீட்டு விசேஷம் ஒன்றையும் விடாமல் வந்து மொய் எழுதுகிற மனிதர்.

பரிதிக்கு மனசு கேட்கவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தான். தோண்டுவானேன்? பழைய குழாய்தான் கடைமாடத்தில் கடைசி வீடு வரைக்கும் போகிறதே. அதற்குள் ஒரு இழைப்புழுவை விட்டால் போதும். இழைப்புழு என்பது விரல் நீளத்தில் ஓர் எந்திரம். குழாய்க்குள் ஊர்ந்துபோய் இழையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகும். இன்பநாதனுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. "மூளைடா உனக்கு," என்று தோளில் தட்டினார். அதன்பிறகு மற்ற மாடங்களிலும் தோண்டுவதை நிறுத்திவிட்டு, மீதியிருந்த வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியாகவே இழையை விட்டார்கள்.

கடைமாடத்து இணைப்பை உயிர்ப்பித்த அன்று முதல் அழைப்பைப் பரிதிதான் செய்தான். சுவர்த்திரையில் தங்கையின் முகம் வந்தது. அவள் ஒருமுறை திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள்.

"என்ன மதி, கேக்குதா?"

"கேக்குது அண்ணே. பின்னாடி யாரும் நிக்கல," என்றாள். அழுதாள். அதன்பிறகு தினமும் பேசினார்கள். என்ன குழம்பு என்பதில் தொடங்கி முகிலன் குறட்டை வரைக்கும். தான் பிறந்து செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்று பரிதி நினைத்தான். அந்த நாட்களில் அவன் சந்தோஷமாக இருந்தான் என்பதை மறைப்பானேன்?

சிக்கல் தொலைக்காட்சியில் வந்தது. குழாயை யாராவது தட்டினால் உள்ளே இருக்கிற இழை அதிரும். அதிர்ந்தால் படம் உறைந்து நிற்கும். வந்த தட்டுகளில் பாதிக்கு மேல் வெட்டித் தட்டுகள். எவனாவது ஏணியைச் சாத்தியிருப்பான், எவளாவது பாத்திரத்தை இடித்திருப்பாள். புகார் குவிந்தது. குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். கடைமாடத்திலிருந்து செண்பகம் வந்திருந்தாள். வான்மதியின் பக்கத்து வீட்டுக்காரி, வாய் உள்ளவள்.

"நேத்து நாடகத்துல அந்தப் பொண்ணு மாமியார் முன்னாடி உண்மையச் சொல்ல வாயத் தொறக்குது. எவனோ கொழாயத் தட்டிட்டான். படம் அப்படியே நின்னுபோச்சு. மூடியப் போட்டுக்கிட்டுக் காப்பறைக்குப் போய் உக்காந்து திரும்பி வந்தா, கதையே முடிஞ்சுபோச்சு. இதுக்குத்தான் மாசாமாசம் கட்டணம் கட்டுறமா?"

கூட்டம் ஆமாம் என்றது. இன்பநாதன் பரிதியைப் பார்த்தார். பரிதி எழுந்தான்.

"கொழாய்க்குள்ள நுரைய அடைச்சுட்டா இழை ஆடாதுங்க. ஆனா தட்டுற சத்தமும் கேக்காது."

"அப்ப காத்து போனா?" என்று யாரோ கேட்டார்கள்.

"காத்துமானி எல்லாத்தையும் இழையில சேத்துர்றோம். முள்ளு எறங்குன நொடியில அந்த மாடத்துல இருக்கிற அத்தன வீட்டுக்கும் போன் போயிரும். மனுசன் பாத்துத் தட்டுறத விட இது வேகம். வெட்டித் தட்டும் இருக்காது."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். வான்மதி அன்று போனில், "கல்யாணத்தன்னைக்குச் சொன்னியே, செஞ்சுட்டியே அண்ணே," என்றாள். அடுத்த வாரமே குழாய் முழுக்க நுரைப்பசை ஏறியது. கடைமாடத்துப் பகுதிக்குப் பரிதியே நின்று ஏற்றினான், தங்கை வீட்டு வேலை அல்லவா?

அப்புறம் அழைப்புகள் வர ஆரம்பித்தன. "வணக்கம், நான் செவ்வொளியிலிருந்து யாழினி பேசுகிறேன்" என்று தேன் ஒழுகும் ஓர் எந்திரக் குரல். உங்களுக்காகவே புதிய தொகுப்பு, உங்களுக்காகவே கூடுதல் அலைவரிசை, உங்களுக்காகவே பண்டிகைச் சலுகை. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கண் அசரும்போது. திரையில் "செவ்வொளி அழைக்கிறது" என்று வரும். அந்த எண்ணைத் தடுத்துவைக்க முடியாது. ஏனென்றால் காற்று எச்சரிக்கையும் அதே எண்ணிலிருந்துதான் வரும், அதே யாழினியின் குரலில்.

"எச்சரிக்கைக்கு ஒரு தனி எண் வெச்சுரலாம் சார்," என்று பரிதி கேட்டுப்பார்த்தான்.

"வெக்கலாம் தம்பி. அப்புறம் நம்ம சலுகை அழைப்ப எவன் எடுப்பான்?" என்றார் இன்பநாதன். நியாயமான கேள்விதான், பரிதி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவனுக்கும் வேலை இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது.

வான்மதிக்கு அழைப்புத் தொல்லை தாங்கவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து முழுதாகக் கேட்டு, "வேணாங்க, மன்னிச்சுக்கங்க," என்று எந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கிற ரகம் அவள்.

"ஏன் மதி எடுக்கிற? செவ்வொளின்னு வந்தா பாக்காமயே வெட்டிவிடு. நான் கூப்புட்டா என் பேரு வருமில்ல," என்றான் பரிதி.

"அது காத்துப் போனா வர்ற போனா இருந்தா?"

"நீ அங்க போனதுலருந்து ஒருதடவயாவது காத்துப் போயிருக்கா?"

போனதில்லைதான். அவள் வெட்டிவிடப் பழகினாள். குடியிருப்பு முழுக்கவே பழகியிருந்தது. பரிதி தங்கைக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அது நடந்தது ஒரு மத்தியான நேரம். பரிதி நடுமாடத்துக் கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருந்தான். கடைமாடத்தின் மானிகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. கூரைப் பொருத்து ஒன்று விட்டிருந்தது. எந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது: அந்த நொடியே கடைமாடத்தின் எல்லா வீட்டுக்கும் அழைப்பு போயிற்று. பலகையில் வீட்டுக்கு ஒரு விளக்கு. அழைப்பை ஏற்றால் பச்சை, வெட்டினால் சிவப்பு. வரிசையாகச் சிவப்பு விழுந்தது. ஒன்றிரண்டு பச்சை ஆயின. "வணக்கம், நான் செவ்வொளியிலிருந்து" என்பதற்குள் அவையும் சிவப்பாயின.

பரிதி தங்கையை நேரே அழைத்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து போகிற எந்த அழைப்பும் நிறுவனத்தின் பெயரில்தான் போகும். வெட்டினாள். மறுபடி அழைத்தான். வெட்டினாள். சுரங்கப்பாதையின் கதவுகள் காற்று குறைந்ததும் தாமாகப் பூட்டிக்கொண்டுவிட்டன, ஓடிப்போகவும் வழியில்லை. மூன்றாவது தடவை பச்சை எரிந்தது.

"மதி" என்று அவன் கத்தியதும், "எங்களுக்கு எதுவும் வேணாங்க," என்று அவள் சொன்னதும் ஒரே சமயத்தில் நடந்தது. சிவப்பு.

அவன் எழுந்து போய்ச் சுவரில் ஓடிய குழாயைத் திருகுச்சாவியால் ஓங்கி அடித்தான். பூசணிக்காயைத் தட்டினதுபோல ஒரு மந்தமான சத்தம் அறைக்குள்ளேயே விழுந்தது. நல்ல நுரை, பார்த்துப் பார்த்து அவனே தேர்ந்தெடுத்தது.

திரும்பி வந்து, யாரையும் கேட்காமல், கடைமாடத்துக்குப் போகும் தொலைக்காட்சியை மட்டும் நிறுத்தினான்.

உடனே பலகை முழுக்க மணி அடித்தது. கூப்பிட்டால் எடுக்காதவர்கள் எல்லோரும் இப்போது அவர்களாகவே கூப்பிட்டார்கள். முதல் குரல் செண்பகத்துடையது.

"என்னய்யா இது, நல்ல கட்டத்துல படத்தை நிறுத்திட்டீங்க. காசு வாங்கல?"

"அக்கா, காத்து போகுது. மூடியப் போட்டுக்கிட்டுக் காப்பறைக்குப் போங்க. போறப்ப பக்கத்து வீட்டுல மதியையும்—"

செண்பகம் வைத்துவிட்டாள். அவள் பழைய ஆள், மூடி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கால் தானாக நடக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டையும் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் குழாயோடு போய்விட்டது. என் வீட்டுக்கு வந்த அழைப்பு எனக்கு, அவள் வீட்டுக்கு வருவது அவளுக்கு. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதில் குற்றம் சொல்லவும் முடியாது, பரிதிதான் கூட்டத்தில் அப்படி விளக்கியிருந்தான்.

அடுத்த விளக்கு. அடுத்தது. ஒவ்வொருவரும் முதலில் திட்டினார்கள், பிறகு மதியின் பெயரை அவன் எடுப்பதற்குள் வைத்துவிட்டுப் போனார்கள். பரிதி பேசிக்கொண்டே ஒரே ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எரியவில்லை. எல்லா வீடும் புகார் சொல்லி முடித்த பிறகும் எரியவில்லை. அவன் அழைத்தான். அந்தத் தடவை யாரும் வெட்டவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காற்றை நிரப்பிக் கதவைத் திறந்தபோது வான்மதி நின்றுபோன திரைக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மடியில் பாதி தொடுத்த காகிதப் பூச்சரம் கிடந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவள் ஏன் புகார் சொல்லவில்லை என்பது பரிதி தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுத் தொலைபேசியில் அவள் குரல் பதிவாகியிருந்தது.

"அண்ணே, டிவி வரல. எல்லாரும் கம்பெனிக்குப் போன் பண்ணித் திட்டுவாங்க. நானும் பண்ணா உன் பேர்லதான எழுதுவாங்க? அவசரம் ஒண்ணும் இல்ல. உனக்கு நேரம் கெடைக்கிறப்ப பாரு. எனக்கும் தூக்கமா வருது."

அதை அவன் எத்தனை முறை கேட்டான் என்று யாருக்கும் தெரியாது.

நிறுவனம் விசாரணை வைத்தது. எச்சரிக்கை அமைப்பு பழுதின்றி வேலை செய்தது, எல்லா அழைப்புகளும் போய்ச் சேர்ந்தன, சந்தாதாரர்கள் ஏற்கவில்லை என்று முடிவானது. அனுமதி இல்லாமல் ஒரு மாடம் முழுக்கத் தொலைக்காட்சியை நிறுத்தியதற்காகப் பரிதிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. இன்பநாதன் அதைக் கையில் கொடுக்கும்போது உண்மையாகவே கண்கலங்கினார். தடைபட்ட நிகழ்ச்சியைக் கடைமாடத்துக்காரர்களுக்கு இலவசமாக மறுஒளிபரப்பு செய்தார்கள். அதோடு உயிரிழை என்று ஒரு நான்காவது சேவையும் அறிவிக்கப்பட்டது. கூடுதல் கட்டணம் கட்டினால் காற்று எச்சரிக்கை தனி எண்ணிலிருந்து வரும். அதை விற்பதற்கு யாழினி வீடு வீடாக அழைத்துக்கொண்டிருந்தாள், பழைய எண்ணிலிருந்துதான்.

பதினாறாம் நாள் காரியம் கடைமாடத்தில், முகிலன் வீட்டில் நடந்தது. கூரையைச் சரிசெய்திருந்தார்கள். வீட்டுக்கு ஒருவரைக் காவலுக்கு விட்டுவிட்டு மாடத்து ஜனம் மொத்தமும் வந்திருந்தது. கூடத்தில் இடம் போதாமல் நடைபாதை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். முகிலன் யார் முகத்தையும் பார்க்காமல் தலைகுனிந்து இருந்தான். பரிதி சுவர்த்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மேலே வான்மதியின் படம். அவள் தொடுத்து முடிக்காத காகிதப் பூச்சரத்தைச் செண்பகம் முடித்துப் படத்துக்குப் போட்டிருந்தாள்.

"தங்கமான பொண்ணு," என்றாள் செண்பகம், மூக்கைச் சிந்திக்கொண்டே. "என்ன பண்றது, விதி. அத்தன தடவ கூப்புட்டிருக்காங்களே. அந்தப் புள்ள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ போன எடுத்து என்னன்னு கேட்டிருந்தா—"

அப்போது சுவர்த்திரை மணியடித்தது. செவ்வொளி அழைக்கிறது.

கூடத்துத் திரை மட்டுமல்ல. திறந்து கிடந்த கதவுகள் வழியாகப் பக்கத்து வீட்டிலும், எதிர்வீட்டிலும், நடைபாதை நெடுக ஒவ்வொரு வீட்டிலும் அதே மணி ஒரே நேரத்தில் அடித்தது. காவலுக்கு வீட்டோடு இருந்தவர்கள் ஆங்காங்கே அதை வெட்டினார்கள். கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கூடத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் ஏற்கெனவே அடங்கியிருந்தது. பரிதி தன் கையைப் பார்த்தான். அது திரையின் மேல் இருந்தது. எப்போது நீட்டினான், எப்போது வெட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வெளம்பரமாத்தான் இருக்கும்," என்றார் யாரோ.

"ஆமா, இவனுங்களுக்கு நேரங்காலமே கெடையாது," என்றாள் செண்பகம். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க விட்டேன்? அதான், அந்தப் புள்ள ஒரு தடவ போன எடுத்திருந்தா..."